முடியாத ஏப்ரல்

எங்கள் ஷார்ஜா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் ஏப்ரல் மாதம் நான்கு வருஷமாக முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா தொழில்பேட்டையில், ஜப்பான் கார்களின் பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடையில் ஸ்டோர் கீப்பர். சரக்கு அனுப்பும் ஜப்பான்காரர்கள் வருஷா வருஷம் காலண்டரும் அனுப்புவார்கள். அப்படி வந்த ஒன்றின் ஏப்ரல் பக்கத்தில் ஒரு பழைய கோட்டைப் பூங்கா, அகழி, கரை நெடுக இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்த செர்ரி மரங்கள். அம்மா அந்தத் தாளை மட்டும் கிழித்து ஒட்டிவைத்து, சமைக்கும்போதெல்லாம் பார்ப்பாள். ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று அப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அதைக் காப்பாற்றத் துணிந்தார். ஊருக்குப் போகிற லீவை ஜப்பானுக்குத் திருப்பினார். அங்கே கட்டிக்கொள்ளவென்றே அம்மா அதே நிறத்தில் ஒரு புடவை எடுத்தாள். ஏப்ரல் முதல் வாரம் டிக்கெட். கிளம்புகிற நேரம் பார்த்து முதலாளி, ஸ்டாக் எடுத்து முடித்துவிட்டுப் போ என்று லீவை மூன்று வாரம் தள்ளிவைத்தார். அப்பா கலங்கவேயில்லை. படம் ஏப்ரல் பக்கத்தில்தானே இருக்கிறது, மாதம் முடிய இன்னும் நாள் கிடக்கிறதே என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஷார்ஜா ரவுண்டானாக்களில் பூ வாடுவதற்குள் நகராட்சி வண்டி புதுச் செடிகளைக் கொண்டுவந்து இறக்கிவிடும். பூ உதிர்ந்து தீரும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

கோட்டை இருந்தது. அகழி இருந்தது. மரங்கள் மட்டும் புங்கமரம் போலப் பச்சைப் பசேலென்று நின்றன. அப்பா கையோடு கொண்டுவந்த காலண்டர் தாளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் பார்ட் நம்பர் சரிபார்க்கும் அதே முகம். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பூ கலாஸ்! எல்லாம் முடிஞ்சுபோச்சு!" என்று நான் கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"எவ்வளவு நிழல் பாருங்க! பூ இருந்திருந்தா இந்தக் கூட்டத்துல உக்கார எடம் கெடைச்சிருக்குமா?" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே பாயை விரித்தாள். ஷார்ஜாவிலிருந்து தூக்கிவந்த ரைஸ் குக்கரில் செய்த எலுமிச்சை சாதத்தைப் பரிமாறினாள். அப்பா வெகுநேரம் கைவைக்கவில்லை. பிறகு சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கி. இப்போது நினைத்துப் பார்த்தால், மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த மதியம் வேறொன்று எனக்கு ஞாபகமில்லை. அதற்காக இன்றும் ஏங்குகிறேன்.

அன்றைக்கோ எனக்கு ஆறவேயில்லை. அந்தப் புடவையையாவது கட்டி வந்திருக்கலாமே, போட்டோவில் கொஞ்சம் பிங்க் இருந்திருக்குமே என்று நச்சரித்தேன். வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்றாள் அம்மா. ஊறுகாயிலிருந்து என் காய்ச்சல் மருந்துவரை பட்டியல் போட்டு எடுத்துவந்தவள், இதைப் போய் மறப்பாளா என்று எரிச்சலாக வந்தது.

போன மாதம் அந்தப் புடவையை, மடிப்புக் கலையாமல், எனக்குக் கொடுத்தாள். அன்றைக்கு ஏன் எடுத்துவரவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பக்கத்து ஃப்ளாட் அக்கா நெட்டில் பார்த்து, பூவெல்லாம் உதிர்ந்தாயிற்று என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"பெட்டியில வச்ச புடவைய எடுத்துத் திரும்ப பீரோவுல வச்சிட்டேன்டி. பச்ச மரத்தடியில நான் அதக் கட்டிட்டு நின்னா, உங்கப்பாவுக்கு மனசு விட்டுப்போயிருக்கும்."

ஒன்பது வயதில் நான் அதை மறதி என்றுதான் நினைத்தேன்.