இடிக்காத டொலறஸ்

ஹெல்மெற்றுக்குள் கொண்டை அடங்காது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் டொலறஸ் அக்கா கோயில் வாசலிலேயே கொண்டையை அவிழ்த்துப் பின்னத் தொடங்கிவிடுவார். பின்னிக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே எனக்குப் புத்தி சொல்வார். "பிள்ளை, காரை எடுக்கமுதல் கண்ணாடியைப் பார். உன்ரை முகத்தைப் பாக்கச் சொல்லேல்லை. பின்னாலை வாறவனைப் பார்." அவருடைய கணவர் யாக்கோப்பு அண்ணை வானின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். வானுக்குப் பின்னால், இழுவண்டியில் கயிற்றால் கட்டப்பட்ட வானநீல ஸ்டொக் கார் ஒன்று கோயிலைப் பார்த்தபடி காத்திருக்கும்.

வார நாட்களில் டொலறஸ் அக்கா எங்கள் பெண்களுக்குக் கார் பழக்குகிறார். கோலியர்ஸ் வுட்டில் ஏற்றி, பக்கத்து ஊரான மிச்சம் வரை ஓடவைத்து, மீண்டும் வீட்டுவாசலில் இறக்கிவிடுவார். நானும் அவருடைய மாணவி. பரீட்சையில் தவறுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அவருடைய காலடியில் இன்னொரு பிறேக் இருக்கிறது. அதை அவர் மிதித்து நான் பார்த்ததில்லை. ஆபத்து வரும்போது "மாதாவே" என்பார், அவ்வளவுதான். அந்தச் சொல் எவ்வளவு நீள்கிறதோ, ஆபத்து அவ்வளவு பெரியது. ஒருமுறை பஸ் ஒன்றின் முன்னால் நான் வலது பக்கம் திரும்பியபோது "மாதாவே" சந்தியில் தொடங்கிப் பெற்றோல் நிலையம் வரை நீண்டது. யாராவது ஹோனடித்து முந்தினால் கோபப்படமாட்டார். "அவனுக்கு அவசரம், போகட்டும். பிறேக் எண்டது பயத்துக்கு இல்லைப் பிள்ளை, மரியாதைக்கு."

இந்த மரியாதைக்காரிதான் ஞாயிறு பின்னேரங்களில் விம்பிள்டன் மைதானத்தில் ஸ்டொக் கார் ஓடுகிறார். மற்ற நாட்களில் அங்கே பந்தய நாய்கள் பொம்மை முயலைத் துரத்தும். பந்தய ஞாயிறுகளில், முட்டை வடிவப் பாதையில் இருபது இருபத்தைந்து கார்கள் ஒன்றையொன்று துரத்தும். பழைய காரின் வயிற்றில் இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, முன்னும் பின்னும் தண்டவாளம் போன்ற பம்பர் பூட்டியிருப்பார்கள். அந்தப் பம்பர் அழகுக்கு அல்ல. முன்னால் போகிறவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போவது இங்கே சட்டம் அனுமதித்த விஷயம். ஓட்டுபவர்களில் பாதிப்பேருக்கு இதுவே தொழில். வெள்ளி ஓர் ஊர், சனி ஓர் ஊர், ஞாயிறு இங்கே என்று காரை இழுத்துக்கொண்டு திரிபவர்கள்.

அக்கா இதற்குள் வந்தது வாயால். யாக்கோப்பு அண்ணை மிச்சத்தில் ஒரு கராஜில் மெக்கானிக். அவருடைய முதலாளிக்குச் சொந்தமானது அந்தக் கார். ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு வராத கணவரைத் தேடிச் சோற்றுப்பெட்டியோடு மைதானத்துக்குப் போன அக்கா, பந்தயம் முடியும்வரை முதலாளியின் காதடியில் நின்று ஒவ்வொரு ஓட்டியின் பிழையையும் சொன்னார். இவன் வளைவுக்குள் பிந்திப் பிறேக் பிடிக்கிறான், அவன் ஸ்டியறிங் சில்லைக் கட்டிப்பிடித்து அழுகிறான். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. அப்படியென்றால் நீயே ஓட்டிக் காட்டு என்றார். மறுமாதமே அக்கா ஓட்டிக் காட்டினார். கடைசியாக வந்தார். ஆனால் இறங்கும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. "இஞ்சை வலது பக்கம் திரும்பிற வேலையே இல்லை. எப்பவும் இடதுதான். சொர்க்கம்!"

புதியவர்களின் காருக்குக் கூரை வெள்ளை. வெல்ல வெல்ல அது மஞ்சளாகி, நீலமாகி, சிவப்பாகும். வெள்ளைக் கூரைகள் முன்னால் நின்று புறப்படும், சிவப்புக் கூரைகள் கடைசியில். முன்னால் நிற்பது கெட்டித்தனத்துக்குக் கிடைத்த இடமல்ல, இரக்கத்துக்குக் கிடைத்தது. இரண்டு வருடமாக அக்காவின் கூரை வெள்ளையாகவே இருந்தது. அதைவிடப் பெரிய அவமானம், அந்த இரண்டு வருடத்தில் அவருடைய முன்பம்பரில் ஒரு கீறல்கூட விழாதது. பின்பம்பரை எல்லோரும் நெளித்திருந்தார்கள். அவர் யாரையும் இடித்ததில்லை. ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவர் அவருக்கு 'நீங்கள் முதலில் போங்கள் டொலி' என்றே பட்டம் வைத்திருந்தார்.

எங்கள் கோயில் பங்கின் மரியநாயகி ரீச்சர் இதைப்பற்றி அவரிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார். "பூசைக்கு வாற பொம்பிளை, இப்பிடி இடிபாட்டுக்கை போய் நிக்கலாமே?"

"ரீச்சர், அவை இடிக்கினம். நான் ஒருத்தரையும் இடிக்கிறேல்லை." இதைச் சொல்லும்போது அக்காவின் கழுத்து சற்று நிமிரும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒக்ரோபரில், பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம், முதலாளி யாக்கோப்பு அண்ணையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். டொலி முதல் மூன்றுக்குள் வராவிட்டால் அடுத்த வருடம் கார் வேறொருவருக்கு. அந்த வாரம் எனக்குப் பழக்கும்போது அக்கா இரண்டு சந்திகளைக் கவனிக்காமல் விட்டார். நானே பிறேக் பிடித்தேன். "என்னக்கா, யோசனையோ?" என்று கேட்டேன். "அந்தக் காருக்குள்ளை இருக்கேக்கை மட்டும்தான் பிள்ளை, நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை" என்றார்.

பந்தயத்தன்று நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். பக்கத்தில் குடையும் தேநீர்ப் பிளாஸ்குமாக மரியநாயகி ரீச்சர் வந்து அமர்ந்தார். "நான் பாக்க வரேல்லைப் பிள்ளை. செபிக்க வந்தனான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கொடி அசைந்தது. முன்வரிசையில் நின்ற அக்கா முன்னாலேயே போனார். சில சுற்றுகள் வரை உலகம் நன்றாக இருந்தது. பிறகு பின்னாலிருந்து சிவப்புக் கூரைகள் வந்துசேர்ந்தன. முதலில் இரண்டு முந்தின. மூன்றாவதாக வந்தவர் டெரெக். அலுமாரி அளவான மனிதர். சந்திக்கும்போதெல்லாம் அக்காவைப் பின்னால் ஒரு தட்டுத் தட்டி ஓரமாக்கிவிட்டுப் போவது அவருடைய வழக்கம். அன்றும் தட்டினார், முந்தினார். அக்கா நான்காவது.

ஆனால் கடைசிச் சுற்றுகளில் டெரெக்கின் பின்ரயர் ஒன்று வெடித்தது. அவருடைய கார் வாத்துப்போல ஆடிக்கொண்டு, இருந்த பாதை முழுவதையும் அடைத்தபடி ஓடியது. அக்கா நெருங்கிவிட்டார். டெரெக்கை விலக்கினால் மூன்றாமிடம். விலக்குவதற்கு ஒரே வழிதான் உண்டு. அக்காவோ வலது பக்கம் முயன்றார், இடது பக்கம் முயன்றார். ஹோன் இருந்திருந்தால் மெதுவாக ஒருமுறை அடித்திருப்பார்.

பாதைக்கு நடுவே உள்ள புல்வெளியில், அடுக்கியிருந்த ரயர்களின் மேல் ஏறி நின்றார் யாக்கோப்பு அண்ணை. பூசையில் வாசகம் படித்தால்கூட இரண்டாம் வரிசை வாங்குக்குக் கேட்காத குரல் அவருக்கு. அன்று மைதானம் முழுக்கக் கேட்டது.

"இடியும்! இடியுமப்பா, இடியும்!"

என் பக்கத்தில் பிளாஸ்க் உருண்டு விழுந்தது. மரியநாயகி ரீச்சர் எழுந்து நின்று குடையை ஈட்டிபோல நீட்டினார். "குடு டொலறஸ்! குடு அவனுக்கு!"

கடைசிச் சுற்று, கடைசி வளைவு. அக்காவின் ஹெல்மெற் சற்று மேலே நிமிர்ந்தது. அந்தக் காரில் பின்பார்வைக் கண்ணாடி இல்லை. இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே பார்த்தார். பிறகு இடித்தார்.

இரும்புக் கதவொன்றை அறைந்து சாத்திய சத்தம். டெரெக்கின் கார் பக்கவாட்டில் வழுக்கி, சுற்றுவேலியில் மோதி நின்றது. அக்கா தாண்டிவிட்டார். மூன்றாமிடம். நாங்கள் கத்தத் தொடங்கிய அந்த நேரத்தில் அவர் செய்ததை வேறெந்த ஸ்டொக் கார் ஓட்டியும் செய்திருக்கமாட்டார். வேகத்தைக் குறைத்து, கழுத்தை முழுவதுமாகத் திருப்பிப் பின்னால் பார்த்தார். டெரெக்கின் காரில் அசைவில்லை. பின்னால் வந்த மஞ்சள் கூரை ஒன்று அக்காவின் பக்கத்துக்கு வந்துவிட்டது. "முன்னாலை பாரும்!" என்று அண்ணையின் குரல் உடைந்தது. அக்கா பார்க்கவில்லை. வேலியோரக் காரின் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய கை வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்தியது. அதைக் கண்ட பிறகுதான் அவருடைய கால் மீண்டும் அழுத்தியது.

இரண்டு கார்களும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டின. மரியநாயகி ரீச்சர் என் முழங்கையை நசுக்கினார். பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மூன்றாவது, டொலி. வர்ணனையாளர் பட்டத்தைச் சொல்லவில்லை.

நாங்கள் கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். அக்கா ஹெல்மெற்றைக் கழற்றியபோது முகம் வெளிறியிருந்தது. முதலில் அண்ணையிடம் டெரெக்கைப்பற்றித்தான் கேட்டார்.

"அவர் எப்பிடியப்பா?"

"அவர் கல்லுமாதிரி இருக்கிறார். நீர் மூண்டாவது. கேட்டதே? மூண்டாவது! ஏன் திரும்பிப் பாத்தனீர்? கொஞ்சத்திலை போயிருக்கும்."

"இடிச்சால் பாக்கத்தானே வேணும்."

டெரெக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் சற்று ஒதுங்கினார்கள். அவர் அக்காவின் கையைப் பிடித்து, கிணற்றுப் பம்பை அடிப்பதுபோல மேலும் கீழும் ஆட்டி, இரண்டு வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தேன் என்றார். அடுத்த வருடம் இதைவிடப் பலமாக இடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட முதலாளி, அடுத்த வருடத்துக்கு ரயர் வாங்குவதைப்பற்றி அண்ணையோடு பேசத் தொடங்கினார்.

மரியநாயகி ரீச்சர் மூச்சுவாங்கியபடி கிட்டப் போனார். "அப்ப டொலறஸ், இனி ஒருத்தரையும் இடிக்கிறேல்லை எண்டு சொல்லேலாது, என்ன?"

"ஓம் ரீச்சர். சொல்லேலாதுதான்."

குரலில் வருத்தம் இருந்ததா என்று பார்க்க நான் அவருடைய முகத்தைத் தேடினேன். அவர் குனிந்து காரின் முன்பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் இடது மூலையில், டெரெக்கின் காரிலிருந்து உரிந்து ஒட்டிய செம்மஞ்சள் வர்ணம் கைநீளத்துக்கு இழுபட்டிருந்தது. யாக்கோப்பு அண்ணை தின்னரில் நனைத்த துணியோடு வந்து அதை அழிக்கக் குனிந்தார். அக்கா அவருடைய கையிலிருந்த துணியை வாங்கிக் கீழே போட்டார். பிறகு கோயிலுக்குக் கொண்டுபோகும் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, அந்தச் செம்மஞ்சளில் படாமல், அதைச் சுற்றியிருந்த சேற்றை மட்டும் துடைத்தார்.