விடியுமுன் எண்ணிய கணினி

தம்பியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் ஒரு காலை, கோப்பியைக் கலக்கிக்கொண்டே அம்மா சொன்னார்: "தம்பி ரூம்ல கம்ப்யூட்டர் ஓடுது. இன்னிக்கும் கேட்டேன்."

நான் குவளையைக் கீழே வைத்தேன். பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன் அவன். பூன் லேயில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குத் திரும்பும் சாலையிலேயே, மழையில் பைக் சறுக்கி இறந்துபோனான். அவன் அறையை யாரும் பூட்டவில்லை. யாரும் உள்ளே போவதில்லை என்றும் நான் நினைத்திருந்தேன்.

"என்ன சத்தம்மா?"

"அதான், ஆன் பண்ணா டிக் டிக்குனு எண்ணுமே, அது. எண்ணி முடிச்சிட்டு ஒரு பீப். அப்புறம் ஒண்ணுமில்ல."

எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். கணினியை ஆன் செய்தால் அது முதலில் தன் மெமரி முழுவதையும் சரிபார்க்கும். பச்சைத் திரையில் எண்கள் அறுநூற்று நாற்பது வரை ஏறும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உள்ளிருந்து ஒரு டிக். தம்பியின் கணினி அதை ஆற அமர எண்ணும். அம்மா சமையற்கட்டில் இருந்தபடியே, 'எழுந்துட்டான்' என்று அவனுக்கும் ஒரு கோப்பி ஊற்றுவார்.

அது அப்படி மெதுவாக எண்ணியதுதான் அவனுக்குப் பெரிய குறை. சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி அவனே பொருத்திய கணினி அது. முன்னால் டர்போ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தைத் தாங்கும் என்று மெமரி சில்லுகளின் முதுகிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் அமுக்கினால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு 'பாரிட்டி எரர்' என்று மெமரிப் பிழை திரையில் வந்து, எந்த விசைக்கும் அசையாமல் நின்றுவிடும். வேறு வழியில்லாமல் மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தான்.

நான் அப்போது ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரிச் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அதனால் என்னைத்தான் வம்புக்கு இழுப்பான்.

"அக்கா, நீங்க டெஸ்ட் பண்ற லட்சணம் இதுதானா?"

"இது எங்க சாமான் இல்லடா."

"எவன் சாமானா இருந்தா என்ன? ஸ்பீட் எழுதியிருக்கு, அந்த ஸ்பீட்ல ஓடணும்லா. ஓடவைக்காம விடமாட்டேன்." அப்பாவிடமும் சொல்லியிருந்தான்: "ஃபுல் ஸ்பீட்ல ஓடட்டும்பா, உங்களுக்குத்தான் முதல்ல காட்டுவேன்."

அம்மா சொன்னதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அம்மா சர்ச் ஃபாதரிடம் சொன்னார். அவர் வந்து ஜெபம் செய்து, அறையின் நாலு மூலையிலும் தீர்த்தம் தெளித்தார். கணினியின் மேல் விழுந்த துளிகளை அம்மா முந்தானையால் உடனே துடைத்தார். கெட்டுப்போய்விடுமாம்.

சத்தம் நிற்கவில்லை. ஒருநாள் விடிவதற்கு முன் அம்மா என் தோளைத் தொட்டு எழுப்பினார். "கேளு."

படுத்தபடியே கேட்டேன். டிக். டிக். டிக். சுவருக்கு அந்தப் பக்கம், அவன் இருந்தபோது கேட்ட அதே நிதானத்தில். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். பயந்த பிடி இல்லை அது. நான் மட்டும்தான் பயந்தேன். எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

பஸ்ஸுக்குப் போயிருப்பார் என்று நாங்கள் நினைத்திருந்த அப்பா உட்கார்ந்திருந்தார். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலைக்குப் போகும் சீருடையில், பையை மடியில் வைத்துக்கொண்டு. பச்சை வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்திருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமிருக்கும்மா" என்றார், நான் எதுவும் கேட்காமலே. பிறகு, "இது எண்ணுறதப் பாத்துட்டு ஆஃப் பண்ணிருவேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

என் பின்னால் வந்து நின்ற அம்மா, "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. யாரோ ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது போல இருந்தது அந்த முகம். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போது வாசலில் என்னிடம் சொன்னார்: "அவன் சொன்ன ஸ்பீட் இன்னும் வரல. நீ பாக்குறியா?"

சில்லுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, வேலையில் தினமும் பார்த்தது: சூடேறினால் அவை மந்தமாகும். அதனால்தான் நாங்கள் சூடாக்கி வைத்துச் சோதிப்போம். எந்த வேகம் வரை தப்பில்லாமல் தாங்குகிறதோ அதையே முதுகில் அச்சடிப்பார்கள். தம்பியின் கணினியில் ஒன்று மட்டும் சூட்டுக்குத் தாங்காமல் பின்தங்குகிறது என்று பட்டது. சனிக்கிழமை அவன் நாற்காலியில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே அவன் தலைமுடி ஒன்று கிடந்தது. அதை எடுக்க மனம் வராமல் அப்படியே விட்டேன்.

டர்போவை அமுக்கிவிட்டு, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, ஹேர் டிரையரால் ஒவ்வொரு சில்லாகச் சூடு காட்டினேன். மற்றவை தாங்கின. ஒன்றின் மேல் காட்டியதும் திரை உறைந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே சில்லு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அதன் முதுகைத் துடைத்தேன். அச்சு கறுப்பாகப் பஞ்சில் வந்துவிட்டது. அடியில் மங்கலாக இன்னொரு எண். மெதுவான சில்லின் எண் அது. யாரோ சுரண்டிவிட்டு மேலே வேக எண்ணை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். எங்கே வாங்கினான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். வாய்விட்டு, "டேய், உன்ன ஏமாத்திட்டாங்கடா" என்றேன். சொன்ன பிறகு திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அம்மாவுடன் தேக்கா சந்தைக்குப் போனேன். அவர் மீன் வாங்கும் நேரத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் நல்ல சில்லு ஒன்று வாங்கிவந்தேன். மாட்டினேன். மாலை முழுவதும் டர்போவிலேயே ஓடியது. ஹேர் டிரையரை நேராகப் பிடித்தும் நிற்கவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் மூவரும் அறைக்குள் இருந்தோம். அப்பா ஸ்விட்ச்சைப் போட்டார். டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரசரவென்று ஓடி, பீப் என்று முடிந்தன. அப்பா இன்னும் பையை மடியில் சரியாக வைத்திருக்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"ஆமாம்பா. இதுதான் அதோட ஸ்பீட்."

அவர் திரையையே பார்த்தார். "பழையபடி மெதுவா வைக்க முடியுமா?"

"பொத்தான அமுக்கினா போதும்பா."

நான் கையை நீட்டினேன். அம்மா தடுத்தார். "வேணாம். புள்ள கேட்டது இதுதான். விடுங்க."

அப்பா எழுந்து பஸ்ஸுக்குப் போனார். அதன் பிறகு அவர் அந்த அறைக்குள் போகவில்லை. சில மாதம் கழித்து, தம்பியோடு படித்த பையன் ஒருவன் கேட்டதும் கணினியைக் கொடுத்துவிட்டோம். அவன் டாக்சியில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "செம ஃபாஸ்ட் ஆண்ட்டி" என்றான். அம்மா தலையாட்டினார்.

அந்த அறை எனக்கு வந்தது. மேசையை எடுத்துவிட்டு அங்கே என் கட்டிலைப் போட்டோம்.

ஒரு காலை கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, கேத்தலைக் கீழே வைக்காமலே, "இன்னிக்குக் கேட்டுச்சு" என்றார். "மெதுவாத்தான்." மேசையில் நாலு குவளை இருந்தது. அப்பா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. நானும் கேட்டிருந்தேன்.

அடுத்த வாரமே சூப்பர்வைசரிடம் இரவு ஷிப்ட் கேட்டேன். யாரும் விரும்பி வாங்காத ஷிப்ட். உடனே கொடுத்துவிட்டார். விடியும் நேரத்தில் நான் அந்த வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நாங்கள் அந்த வீட்டை விட்டு மாறும்வரை அந்த ஷிப்டிலேயே இருந்தேன்.