இரண்டு விரல் தள்ளி

எனக்கு வந்த நோயின் பெயர் டென்னிஸ் எல்போ. பெயரைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. டென்னிஸ் மட்டையை நான் கடையில்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. பதினேழு வருடம் பனியன் துணி வெட்டியவனுக்கு வருகிற வலிக்கு, நியாயமாகப் பார்த்தால், கத்திரியின் பெயரைத்தானே வைத்திருக்க வேண்டும்?

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. திருப்பூரில் ஒரு நடுத்தரமான பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். பெரிய ஆர்டர் என்றால் மிஷின் கத்தி அறுத்துத் தள்ளிவிடும். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு வியாபாரிக்கு, பையருக்கு, அனுப்புகிற சாம்பிளை மட்டும் கையால் வெட்டுவோம். அளவு அட்டையைத் துணிமேல் வைத்து, ஓரம் பிசகாமல், கனத்த கத்திரியால் ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். சாம்பிள் பிடித்தால்தான் ஆர்டர். அந்த சாம்பிள் டேபிள் என்னுடையது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பெண்டாட்டியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்து ராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்த என்னை, நாலு பேர் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட வைத்தது அந்த டேபிள்தான். அது கைவிட்டுப் போனால் நான் மறுபடி துணி தூக்குகிற ஹெல்பர்.

வலி வலது முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பில் ஆரம்பித்தது. தைலம் தடவினேன். நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டேன். இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டேன். ஊசிக்கு ஒரு மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு முன்னைவிட மோசமாக எழுந்து வரும். துண்டைப் பிழிய முடியவில்லை. டீ கிளாஸைத் தூக்கினால் டீ சிந்தியது. கம்பெனியில் யார் கண்ணிலும் படாமல் இடது கையால் குடிக்கப் பழகினேன். ஆனால் முதலாளி கவனித்திருக்கிறார்.

அவர் தோட்டங்காடு உள்ள குடும்பம். வெள்ளாமை பார்த்த நிலத்திலேயே கம்பெனி கட்டியவர். கெட்ட மனுஷர் இல்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. ஒருநாள் டேபிள் பக்கம் வந்து நின்றார்.

“ஏனுங்க மாஸ்டர், கோயமுத்தூர்ல ஷாக் வேவ்னு ஒரு மிஷின் வந்திருக்குதாமுங்க. ஆபரேசன் வேண்டாமாம். வாரம் ஒருக்கா, மூணு வாரம். நானே கூட்டிட்டுப் போறனுங்க. அதுக்கும் கை செரியாகலீன்னா சொல்லிப்போடுங்க. புது பையர் வர்றாங்க, வேற மாஸ்டரப் பார்க்கோணும்.”

அதுவரைக்கும் இருக்கட்டும் என்று பெருமாநல்லூரிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்து என் டேபிளில் நிறுத்தினார். அந்த ஆள் என் கத்திரியைக் கையில் எடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஷாக் என்றதும் கரண்ட் வைப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். கரண்ட் இல்லை. துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. அதன் முனை தோலின்மேல் டொக்டொக்கென்று விடாமல் அடிக்கும். அந்த அதிர்ச்சி உள்ளே போய், ஆறாமல் கிடக்கிற தசைநாரை ஆறத் தூண்டுமாம். பிசியோதெரபி பார்க்கிற பெண்ணுக்குச் சின்ன வயசுதான், ஆனால் விவரமாகப் பேசியது.

“எங்க ரொம்ப வலிக்குதோ, அங்கதாங்க அடிக்கணும். மரத்துப்போறதுக்கு ஊசி போட மாட்டோம். நீங்க சொல்றத வெச்சுத்தான் எடத்தக் கண்டுபிடிக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. இந்த மூணு வாரமும் வலி மாத்திரை தொடாதீங்க.”

முதலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கம்பெனியின் சங்கதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டோம். விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பேச்சில் இத்தனை ‘ங்க’ கிடையாது. திருப்பூருக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தையே ‘பரவால்லீங்க’தான். விரலில் ஊசி ஏறினாலும் பரவால்லீங்க, காய்ச்சல் அடித்தாலும் பரவால்லீங்க. இடுப்பு வலிக்கிறது என்று ஒரு டெய்லர் வாயைத் திறந்து சொன்னான். “ஊட்டுக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று முதலாளி அன்பாகத்தான் அனுப்பினார். மறுநாள் அவன் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். அன்பும் நிஜம், இடம் போனதும் நிஜம். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

அந்தப் பெண் கட்டைவிரலால் முழங்கையை அமுக்கிக்கொண்டே வந்தது. “இங்கயா? இங்கயா?” எலும்பின் முனைக்கு வந்ததும் உயிரே போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நிமிர்ந்தால் முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த இடத்தில் அந்தத் துப்பாக்கி அடித்தால் அவர் முன்னால் ஓவென்று கத்திவிடுவேன் என்று தெரிந்தது. கத்தினால் டேபிள் போச்சு.

“இங்க இல்லம்மா. கொஞ்சம் கீழ,” என்றேன். இரண்டு விரல் தள்ளிக் காட்டினேன்.

அது நம்பி, அந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டது. குளிர்ந்த ஜெல்லைத் தடவி அடிக்க ஆரம்பித்தது. நல்ல சதை, என்ன பெரிதாக வலித்துவிடும்? பல்லைக் கடிக்கக்கூடத் தேவைப்படவில்லை. “வலிக்குதுங்களா மாஸ்டர்?” என்றார் முதலாளி. “பரவால்லீங்க,” என்றேன். அவருக்குச் சந்தோஷம். திரும்பி வரும்போது வழியில் எனக்கு டிபன் வாங்கிக் கொடுத்தார். அதையும் இடது கையால்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

விஷயம் தெரிந்ததும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? கேக்கிற புள்ளகிட்ட வலிக்கிற எடத்தக் காட்ட வேண்டியதுதான? எதுக்கு அம்புட்டுத் தூரம் போனீக?”

“ஒனக்குக் கம்பெனியப் பத்தி என்னடி தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன். அவள் சொன்னதுதான் சரி என்பதால் இன்னும் அதிகமாகக் கத்தினேன். அன்று ராத்திரி, போடாதே என்ற மாத்திரையையும் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வாரமும் அதே இடம், அதே பேனா வட்டம். “பத்துக்கு எவ்வளவு வலிங்க?” என்று அந்தப் பெண் கேட்டது. பக்கத்தில் முதலாளி. “ரெண்டு இருக்கும்மா,” என்றேன். ஊர் திரும்பியதும் அவர் பெருமாநல்லூர் மாஸ்டரைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். “எங்க மாஸ்டருக்குக் கை வந்திருச்சுங்க” என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது, படுபாவி நான் திறக்கவில்லை.

மூன்றாவது வாரம் முதலாளிக்குப் போன் வந்தது. உள்ளே சிக்னல் கிடைக்காமல் வெளியே போனார். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டது. “கைய நேரா நீட்டி, உள்ளங்கை கீழ பாக்கற மாதிரி பிடிச்சு, இதத் தூக்குங்க.” பிளாஸ்டிக் நாற்காலிதான். ஒரு சாண் எழும்பவில்லை. கை விட்டுப்போய் நாற்காலி உருண்டது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் எலும்பு முனையில் கட்டைவிரலை வைத்து அமுக்கியது. நான் துடித்துப்போனேன்.

“இங்கதான? அப்ப இத்தன நாளா நாம எங்க அடிச்சோம்?” என்று கேட்டது. “எனக்கு என்னங்க போச்சு? உங்க கை.”

மறுபடி முதலிலிருந்து மூன்று வாரம் என்றது. ஆறு வாரம் கத்திரியைத் தொடக் கூடாது என்றது. நானே உங்க முதலாளிகிட்டச் சொல்லட்டுமா என்றதற்கு, வேண்டாம் தாயி, நான் சொல்லிக்கிறேன் என்றேன்.

முதலாளியோடு காரில் திரும்பும்போது அவினாசியும் தாண்டிவிட்டது. திருமுருகன்பூண்டியில் சாலையோரம் சிலை செதுக்குகிறவர்களின் உளிச் சத்தம் கேட்டபோது காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு விரல், மாத்திரை, நாற்காலி, ஒன்றையும் விடவில்லை.

முதலாளி எஞ்சினை அணைத்தார். “பெருமாநல்லூர்க்காரர அனுப்பிப்போட்டனுங்களே,” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “எம்பட மேல அத்தன பயமுங்களா?”

இல்லீங்க என்றுதான் நாக்கில் வந்தது. எனக்கே என்மேல் வெறுப்பாகிவிட்டது. “ஆமாங்க,” என்றேன். “எல்லாருக்கும் பயந்தானுங்க.”

நான் கை நீட்டி அடித்திருந்தால்கூட அவர் என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ராயபுரத்தில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

பையருக்கான சாம்பிளை யாரோ அவசரத்தில் வெட்டினார்கள். கழுத்து கோணிப் போய், பையர் வேண்டாம் என்றுவிட்டார். நான் தனியாக பஸ்ஸில் கோயமுத்தூர் போனேன். சரியான இடத்தில் அடி வாங்கினேன். வலிக்கிறது, வலிக்கிறது என்று வாய்விட்டுக் கத்தினேன். அந்தப் பெண் குறைத்தும் கூட்டியும் பொறுமையாக அடித்தது. ஆறாவது வாரக் கடைசியில் துண்டை முறுக்கிப் பிழிந்தேன். மனைவி அழுதாள்.

மறுநாளே கம்பெனிக்குப் போய் முதலாளியின் ஆபீஸில் நின்றேன். சாம்பிள் டேபிளில் புது ஆள் ஒருவன் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

“கை செரியாயிருச்சுங்க மொதலாளி. துளிகூட வலி இல்லீங்க. வேணும்னா இப்பவே வெட்டிக் காட்டறேனுங்க.”

அவர் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கோபமே இல்லை.

“நீங்க அப்படித்தானுங்க சொல்லுவீங்க, மாஸ்டர்,” என்றார்.

கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். கை வலிக்கவே இல்லை.