பேய்வீட்டு நாவலும் என் பொய்யும்

எழுபத்தெட்டில், கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், தெப்பக்குளத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் வாங்கினேன். எழுதியவர் பெயரை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பேய்வீட்டுக் கதைதான். ஆனால் வெள்ளைப் புடவை, சலங்கைச் சத்தம் எதுவும் கிடையாது. ஒரு மருமகள் காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போகிறாள். கூடம் வரவில்லை, மறுபடி அடுக்களைதான் வருகிறது. செத்துப்போன பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, குழம்பில் உப்பு குறைச்சல் என்கிறார்கள். அவர்களுக்கு, உயிரோடிருக்கும் அவள்தான் பேய்.

கண்டோன்மென்ட் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். காவிரிப் பாலம் தாண்டியதே தெரியாது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'எங்கள் வீடேதான்' என்று எழுதினேன். எழுதியபோது சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான் என் புத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பேனா தேடி என் கைப்பையைத் திறந்த கணவர் அதைப் பார்த்துவிட்டார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாது. அவருக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

"அம்மா, இங்கே பாரு. பேய் வீடாம். 'எங்கள் வீடேதான்'னு எழுதியிருக்கு."

மாமியார் சத்தம் போடவில்லை. "பெருமாள் குடியிருக்கற ஊர்ல உக்காந்துண்டு இதைப் படிக்கறயா? யார் குடுத்தா?"

நான்தான் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். "ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி குடுத்தா. பென்சில்ல எழுதினதும் அவதான். அவாத்தைப் பத்தி" என்றேன்.

பக்கத்து சீட்டுக்காரி பாலக்கரைப் பெண். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு ஆபீஸுக்கு வருவாள். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. அந்தப் புத்தகத்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் கணவர் என்னோடு ஆபீஸுக்கே வந்தார். நாவலை அவள் டைப்ரைட்டர் மேல் வைத்தார்.

"இந்த மாதிரியெல்லாம் இனிமே எங்காத்துக்குக் குடுத்தனுப்பாதீங்கோ."

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். பென்சில் வரியில் கை நின்றது. நான் எழுதும் டிராஃப்டுகளைத்தான் அவள் தினமும் டைப் அடிப்பாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"சரிங்க சார். இனிமே குடுக்கலை."

மத்தியானம் டிபன் டப்பாவோடு அவளிடம் போனேன். "எனக்கு வேற வழி தெரியலடி" என்றேன்.

"உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்திருக்கேன். உங்க மாமியார் நல்லாப் பேசினாங்க. இனிமே அந்த வாசல்ல நான் எப்படிங்க நிக்கறது?"

அதுவரை என்னை வாடி, போடி என்று கூப்பிட்டவள்.

அவள் துறையூருக்கு மாற்றல் கேட்டு, கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் எந்த நாளிலும் வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சமத்து, கேட்ட உடனே சொல்லிட்டா" என்று மாமியார் வருகிறவர்களிடம் என்னை மெச்சிக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாதது அதுதான்.

ஆபீஸில் எல்லோரும் அவளை வழியனுப்பிய அன்று, நான் தலைவலி என்று அரை நாள் லீவு போட்டேன். மறுநாள் அவள் நாற்காலியில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கார்பன் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.