பார்பெராவின் மணம்

முதலில் கராம்பு. மூடியைத் திறந்து, கண்ணை மூடி, இருபது எண்ணும்வரை மூக்கருகே பிடிக்கிறார் தியாகலிங்கம். பிறகு கோப்பித்தூள், தேசிக்காய்த் தோல், கடைசியில் கற்பூரம். கற்பூரத்தில் ஒரு குளிர் மட்டும் ஏறுகிறது, மணம் இல்லை. கொரோனா வந்து மணத்தைக் கொண்டுபோய் ஐந்து வருடம். டொக்டர் சொன்ன இந்தப் பயிற்சியை அவர் ஒருநாளும் விட்டதில்லை. நான்கு போத்தல்களையும் மூடிவிட்டு, மார்க்கம் நகரில் ஒரு களஞ்சியத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போகிறார்.

மில்லிக்கன் பகுதியில் அவருடைய வீட்டின் பின்வளவில் பதினொரு திராட்சைக் கொடிகள். எல்லாமே பார்பெரா. வட இத்தாலியின் கறுத்த, புளிப்பு மிகுந்த பழம். கனடாக் குளிர் அதற்கு ஆகாது. நவம்பரில் கொடிகளைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, நிலத்தில் படுக்கவைத்து, மண்ணால் மூடுவார். பக்கத்து வீட்டு நவரட்ணம் செத்தவீட்டுக்கு வந்தவர்போல வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"என்ன தியாகு, எட்டுச் செலவு எப்ப?"

"ஏப்ரலில எழும்புவினம் அண்ணை."

அறுவடைக்குப் பிறகு கராஜ்தான் அவர் வீடு. நசுக்கிய பழம் வைனாகப் புளிக்கையில் தோல் மேலே திரண்டு வரும்; காலையும் மாலையும் அமுக்கிவிட வேண்டும். முன்பு மணத்திலேயே பதம் அறிந்தவர், இப்போது வாளியில் காதை வைத்து நுரையின் சத்தத்தைக் கேட்கிறார். பழம் குறைந்த வருடத்திலும் வேறு பழம் சேர்க்கமாட்டார். "கலந்தா அது பார்பெராவே இல்லை."

"கடையில ஒரு போத்தல் வாங்கினா முடிஞ்சுது அப்பா," என்றாள் மகள் சிவானி. "உங்களுக்கு எல்லாம் ஒண்டுதானே." அவர் கராஜுக்குள் போய்விட்டார்.

நோய்க்கு முந்திய வருடத்து வைனில் செரிப்பழமும், மழை பெய்த சிமெந்தும் மணந்தனவாம். கேட்கிற எல்லோருக்கும் சொல்வார். ஒரே ஒரு தரம் அது திரும்பி வந்தால் போதும் அவருக்கு.

இந்த மார்ச்சில் புது வைனை ஊற்றி, கிளாசைச் சுழற்றி, குடித்தார். நாக்கில் புளித்தது. அவ்வளவுதான். கிளாசோடு குசினிக்கு வந்தார். மனைவி ஜெயமலர் அடுப்பில் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"நீர் ஒருக்காப் பாருமப்பா."

"நான் குடிக்கிறேல்லை எண்டு தெரியும்தானே. உதில எனக்கென்ன விளங்கும்?"

சொல்லிக்கொண்டே, கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். தியாகலிங்கம் நாலு துளி விட்டார். ஜெயமலர் நக்கிப் பார்த்தார்.

"புளி காணும், இனிப் போடத் தேவையில்லை."

"மணம்?"

ஜெயமலர் கையை முகர்ந்து யோசித்தார். "நல்ல மணம்தான். என்னெண்டு சொல்லத் தெரியேல்லையப்பா."

தியாகலிங்கம் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, குனிந்து, அந்த ஈர உள்ளங்கைக்குள் மூக்கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கறி அடிப்பிடிக்கத் தொடங்கியது. ஜெயமலர் அந்தக் கையை அசைக்கவில்லை. இடது கையை எட்டி, அடுப்புக்கு மேலே மணத்தை வெளியே இழுத்தபடி இரைந்துகொண்டிருந்த காற்றாடியை நிறுத்தினார்.