ரொட்டிக்கு இரண்டு கையும் ஏந்த வேண்டும்

போன பிப்ரவரியில் தில்லிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, தம்பியை உளவு பார்க்க. குடியால் அவன் வேலை போயிற்று. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கே வந்துவிட்டாள். குடியை விட்டு நாலு மாதம் ஆகிறது, வேறு வேலை கிடைத்துவிட்டது, சர்ச்சில் தமிழ் ஆராதனைக்கும் போகிறேன் என்று போனில் சொன்னான். நான் நம்பாமல் ரயில் ஏறினேன்.

ஜனக்புரியில் அவன் அறைக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். பாட்டில் எதுவும் அகப்படவில்லை. அவன் பார்த்துக்கொண்டே டீ போட்டான்.

"இந்த ஞாயித்துக்கெழம திருவிருந்து எடுக்கலாம்னு இருக்கேண்ணே," என்றான். இயேசுவின் நினைவாக ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குவதைத்தான் சொன்னான்.

"மொதல்ல ஆறு மாசம் ஒழுங்கா இருந்து காட்டுல. பொறவு கை நீட்டு," என்றேன்.

ஊரில் நான் ஞாயிறு பள்ளி வாத்தியார். இரட்சிப்பு தேவன் இலவசமாகத் தரும் கிருபை, நல்ல காரியம் செய்து சம்பாதிப்பதல்ல என்று பிள்ளைகளுக்குப் படம் வரைந்து விளக்குகிற ஆள்.

சனிக்கிழமை ஊர் காட்டக் கூட்டிப் போனான். ஜனக்புரி மேற்கிலிருந்து ராஜீவ் சௌக்குக்கு மெட்ரோ 43 ரூபாய். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் சீக்கியர்களின் பெரிய குருத்வாரா. வேலை இல்லாத நாட்களில் இங்கேதான் சாப்பிட்டானாம். செருப்பைக் கொடுத்துவிட்டு, தலையில் துணி கட்டி, அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். எனக்கோ ஓசிச் சாப்பாடு என்றாலே உடம்பு கூசும். உண்டியல் எங்கே என்று தேடினேன். பாத்திரமாவது கழுவிக் கொடுத்துவிட்டு உட்காரலாம் என்றேன்.

"சாப்ட்டுட்டுக் கழுவுங்க. இப்ப உக்காருங்கண்ணே," என்று கையைப் பிடித்து இழுத்தான்.

தாடிக்காரப் பெரியவர் ஒருவர் ரொட்டிக் கூடையோடு வந்தார். ஒரு கையில் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே மறு கையை நீட்டினேன். இந்த வலைப்பூவுக்குத்தான் படம். அவர் ரொட்டியைத் தரவில்லை.

"தோனோ ஹாத், பாயி சாஹப்," என்று சிரித்தார்.

"ரெண்டு கையையும் ஏந்தணும்ணே. நம்ம கோயில்ல திருவிருந்துக்கு ஏந்துவோம்லா, அது மாதிரி," என்று தம்பி ஏந்திக் காட்டினான்.

போனை மடியில் போட்டுவிட்டு ஏந்தினேன். சூடான ரொட்டி கையில் விழுந்தது. நான் யார், எத்தனை மாதம் ஒழுங்காக இருந்தேன் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. தம்பியையும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஆராதனையில் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். "எந்திரில, போவோம்," என்றேன்.

"நீங்க போங்கண்ணே. எனக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

"நான் அன்னைக்குச் சொன்னதுதாம்ல தப்பு."

"இல்லண்ணே, சரியாத்தான் சொன்னிய," என்றான், கொஞ்சமும் கோபமில்லாமல். என்னாலும் எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எங்கள் முழங்காலை உரசிக்கொண்டு முன்னே போனார்கள்.

நீங்கள் தில்லி போனால் அந்தக் குருத்வாராவுக்குப் போங்கள். தலைக்கு ஒரு கைக்குட்டை கொண்டு போங்கள். மதியக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது. உண்டியலைத் தேடாமல் உட்காருங்கள்.

அந்த ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. தம்பி குடிக்கவில்லை, திருவிருந்தும் எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் போன் போட்டு எடுத்தாயா என்று கேட்கிறேன்.

"இன்னும் கொஞ்சம் நல்லவனாயிட்டு எடுக்கேண்ணே," என்கிறான்.