கேட்காமல் போன எச்சரிக்கை

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்களுக்கு நாள் முழுக்க ஆறுதல் சொல்லிவிட்டு வீடு திரும்புவாள். முகம் கழுவிய கையோடு, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்த கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். நானும் அவள் கணவரும் தட்டுகளை மறுபக்கம் நகர்த்திக்கொள்வோம். கல்லூரி முடியும்வரை நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அந்த நாட்களை நினைத்தால் அந்த மேசைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது.

ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு அவள் ஊதியமின்றி உழைத்தாள். அதன் கையேட்டை ஒரே மூலக் கோப்பாக எழுதுவார்கள். இது தலைப்பு, இது செய்முறை, இது எச்சரிக்கை என்று ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் அடையாளம் இருக்கும். அந்த அடையாளங்களை வைத்து அதை இணையப் பக்கமாகவும் அச்சுப் புத்தகமாகவும் வெறும் எழுத்துக் கோப்பாகவும் மாற்றும் நிரல்கள் அக்காவின் பொறுப்பு.

"நான் பேசறது உங்க அக்கா காதுல விழணும்னா, என் பேச்சுக்கும் அடைப்புக்குறி போடணும் போல" என்பார் மாமா.

அக்கா திரும்பாமலே சொல்வாள்: "போட்டா மூடவும் செய்யணும். உங்களுக்குத்தான் மூடவே தெரியாதே."

ஒருநாள் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர், பார்வையில்லாதவர். எழுத்துக் கோப்பைக் கணினி வாசிக்க, காதால் கேட்டே வேலை செய்வார். கையேடு சொன்னபடி ஒரு பழைய பதிவின் இரைச்சலை நீக்கி அதே கோப்பில் சேமித்திருக்கிறார். மகள் மழலையில் பாடிய பாட்டு அது. இரைச்சலோடு குரலும் போய்விட்டது. பழைய பதிவும் மிஞ்சவில்லை.

இணையப் பக்கத்தில், 'முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தது. எழுத்துக் கோப்பில் அந்த வரியே இல்லை. எச்சரிக்கை அடையாளம் வந்தால் என்ன செய்வதென்று அக்கா நிரலுக்குச் சொல்லாமல் விட்டிருந்தாள். அது சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

அவள் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. "என்னன்னு பதில் எழுதுவேன்?" என்றாள்.

"எழுதாதே. கூப்பிட்டுப் பேசு" என்றார் மாமா.

பேசினாள். எச்சரிக்கையை விழுங்கியது தன் நிரல்தான் என்று ஒப்புக்கொண்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோவம் இருந்துச்சும்மா, இல்லேன்னு சொல்லல. சரி, இன்னும் எதையெல்லாம் முழுங்குதுன்னு பாத்துடலாமா?"

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் தொடங்கின. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவே வைப்போம். அந்தப் பக்கம் அவர் கையேட்டின் எழுத்துக் கோப்பைக் கேட்டுக்கொண்டே வருவார். "படம் மூணுன்னு சொல்லிட்டு ஊமையாயிடுச்சே!" என்பார். படத்தில் இருப்பதை வார்த்தையில் எழுத அக்கா திணறுவாள்.

மாமா உதவிக்கு வருவார்: "நீலமா ஒரு பட்டன் இருக்கு சார்."

"நீலத்தை வெச்சு நான் என்ன சார் பண்றது? மேலயா, கீழயா?"

வீடே சிரிக்கும்.

அடுத்த பதிப்பில், எழுத்துக் கோப்பிலும் ஒவ்வொரு எச்சரிக்கையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாகச் சொல்லி வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் இருந்தது. கையேட்டுக் குழுவில் அவர் பெயரும் சேர்ந்தது. போன பாட்டு மட்டும் போனதுதான்.

பிறகு ஒருமுறை மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். "எனக்கு அந்தப் பாட்டு ஞாபகமே இல்ல ஆன்ட்டி. அப்பா பாடித்தான் தெரியும்" என்றாள். அக்கா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

அவரோ மேசையிலிருந்த தம்ளர்களைக் கரண்டியால் தட்டிப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் கூட்டியும் குறைத்தும், வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசித் தம்ளர் மட்டும் சுருதிக்கு வரவில்லை.

"அதுல தண்ணி ஜாஸ்தி, குடிச்சுடுங்க" என்று மகள் அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாள். அவர் தட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு வாய்மா" என்றார்.